ஈகையா? கடனா?

மரம் நடுவோர்க்கும் விதை தூவுவோர்க்கும், அவற்றால் பசியாறும் உயிர்களின் வழியே தருமத்தின் நன்மை வந்து சேர்கிறது என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளதை நாம் அறிவோம். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் நபிமொழித் தொகுப்புகளிலும் இடம்பெற்ற செய்தி அது. மனிதனையும் கால்நடையையும் குறிப்பிட்ட அண்ணலார், பறவையையும் அவற்றோடு சேர்த்தே குறிப்பிட்டார்கள். உழவன் தன் வீட்டுக்காக விதைக்கிறான். அவன் அறியாமலே குருவி கதிரைக் கொத்துகிறது. அவனுடைய இழப்பு அவனுக்கு நன்மையாக எழுதப்படுகிறது. இதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால், பறவைக்கென்றே ஒருவன் விதைக்கிறான் என வைத்துக்கொள்வோம். அதுவும், அப்பறவை தன் முற்றத்துக்கு வரவேண்டும், அதன் அழகைத் தான் கண்டு மகிழவேண்டும் என்ற ஆசையினால் விதைக்கிறான். அவன் செய்வது தருமமா? தன் இன்பத்துக்காகத் தானே செய்துகொண்ட ஏற்பாடா? அன்றி, இவ்விரண்டும் அல்லாத வேறொன்றா? இது வெறும் சொல்லாடல் அன்று. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், நம்மவர் சிலரும் குடியேறி வாழும் அந்த மண்ணில், வீட்டு முற்றங்களில் நடந்துவரும் ஒரு சிறு செயல் இவ்வினாவை நம்முன் வைக்கிறது. மழை குன்றிய மண்ணுக்கே உரிய சேஜ் என்னும் செடியை விதையிலிருந்து வளர்த்து, தேனுண்ணும் சிட்டுகளை வரவேற்கிறார்கள் அங்குள்ளோர் பலர்.

மண்ணின் செடியும் அதன் விருந்தாளியும்

தென் கலிஃபோர்னியா நீர்வளம் மிகுந்த நாடன்று. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 14 அல்லது 15 அங்குலமே. நம் சென்னையில் பெய்வதில் அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அம்மழையும் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரையுள்ள குளிர்காலத்தில் பெய்து முடிந்துவிடும். கோடை முழுவதும் வானம் கைவிரித்து நிற்கும். அந்த வறட்சியையும் தாங்கி வாழும் செடிகளை இறைவன் அம்மண்ணில் படைத்திருக்கிறான். அவற்றுள் தலையாயது சேஜ்.

சேஜ் நமக்கு முற்றிலும் அயலான செடியன்று. நம் புதினாவும் துளசியும் சப்ஜாவும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது அது. நோன்பு துறக்கும் வேளையில் சர்பத்தில் இடும் சப்ஜா விதை நீர்பட்டதும் வழுவழுப்பான உறையோடு உப்புவதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். சியா முதலிய சேஜ் விதைகளுக்கும் அதே இயல்பு உண்டு. பாலஸ்தீன மக்கள் தேநீரில் இட்டுப் பருகும் மர்யமிய்யா இலையும் சேஜ் இனத்தைச் சேர்ந்ததே. கலிஃபோர்னியாவிலோ கருஞ்சேஜ், வெண்சேஜ், கிளீவ்லாந்து சேஜ் எனப் பதினைந்துக்கும் மேற்பட்ட வகைகள் இயற்கையாகவே வளர்கின்றன. நறுமண எண்ணெயும் மெல்லிய உரோமமும் நிறைந்த இலைகளால் அவை வெயிலைத் தாங்குகின்றன. சில வகைகள் கடுங்கோடையில் பெரிய இலைகளை உதிர்த்துவிட்டு, சிற்றிலைகளோடு அடங்கியிருந்து, மழை வந்ததும் மீண்டும் தழைக்கின்றன.

ஹம்மிங்பேர்ட் எனும் சிட்டின் பெயரையே தாங்கிய சேஜ் ஒன்றும் அங்கே உண்டு. ஓக் மர நிழலில் நிலத்தோடு படர்ந்து, இளவேனிலில் செந்நீலக் கதிர்களாகப் பூப்பது அது. ஹம்மிங்பேர்ட் சிட்டை நம் ஊர்த் தேன்சிட்டோடு குழப்பிக்கொள்ளலாகாது. இரண்டும் தேனுண்பவையே எனினும் இனத்தால் வேறானவை. ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வது. அவற்றுள் கலிஃபோர்னியாவில் ஆண்டு முழுவதும் காணப்படும் அன்னாச் சிட்டின் எடை ஏறத்தாழ 4 கிராம். இன்று நம் கையில் புழங்கும் ஒரு ரூபாய் நாணயத்தின் எடையை ஒட்டியது. நொடிக்கு நாற்பது தடவைக்கு மேல் சிறகடித்து, பூவின்முன் அந்தரத்தில் நிலைத்து நின்று, நீண்ட நாவினால் தேனை உறிஞ்சி, பின்னோக்கியும் பறந்து செல்ல வல்லது. பூவோ தன் மகரந்தத்தை அதன் தலையில் பூசி அனுப்புகிறது. கொடுப்பதும் கொள்வதுமாகிய இவ்வுறவு மனிதன் அங்கே வீடு கட்டுவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே ஏற்பட்டது.

பறித்த கை

அவ்வுறவின் இடையே மனிதன் புகுந்தான். நகரங்கள் எழுந்தன. கடற்கரையை அடுத்த சேஜ் புதர்க்காடுகளின் பெரும்பகுதி வீடுகளுக்கும் வயல்களுக்கும் சாலைகளுக்கும் இரையாயிற்று. வீட்டின்முன் மழைநாட்டுப் புல்வெளிகளைப் போன்ற பசும்புல் விரிக்கப்பட்டது. அப்புல்லுக்கு நீர் எங்கிருந்து வந்தது? 1913ஆம் ஆண்டில், வடக்கே தொலைவிலிருந்த ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரை 233 மைல் நீளமுள்ள கால்வாய் வழியே லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் தன்பால் கொண்டுவந்தது. அப்பள்ளத்தாக்கில் வாய்க்கால் வெட்டி வாழ்ந்த பையூட் பழங்குடியினரும், பின்னர் வந்து குடியேறிய உழவர்களும் கண்ணெதிரே தங்கள் நீரை இழந்தனர். ஓவன்ஸ் ஏரி சில ஆண்டுகளில் வறண்டு, புழுதி கிளப்பும் உப்புத்தரையாயிற்று.

2012ஆம் ஆண்டில் தொடங்கிய கடும் வறட்சி 2016 வரை நீடித்தது. 2015 ஏப்ரல் முதல் நாளில், வழக்கமாக அந்நாளில் பனி மூடிக் கிடக்க வேண்டிய சியரா மலைச்சரிவில், பனியே இல்லாத வெறும் புல்தரையில் நின்று, ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஓர் ஆணையை அறிவித்தார். நகரங்களின் நீர்ப் பயன்பாடு 25 விழுக்காடு குறைக்கப்பட வேண்டும். 5 கோடி சதுர அடி புல்வெளி அகற்றப்பட்டு, வறட்சி தாங்கும் செடிகள் இடப்பட வேண்டும். புல்லை அகற்றியோர்க்கு நீர் வழங்கும் அமைப்புகள் சதுர அடிக்கு இவ்வளவு என உதவித்தொகையும் அளித்தன. பெருகியோடும் ஆற்றங்கரையில் இருந்துகொண்டு ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது எனக் கற்பிக்கப்பட்ட சமுதாயத்தவராகிய நமக்கு, இவ்வாணையின் நியாயத்தை எவரும் விளக்கவேண்டியதில்லை.

புல்லை அகற்றியோரில் சிலர் கூழாங்கற்களைக் கொட்டினர். சிலர் பிளாஸ்டிக் புல்லை விரித்தனர். நீர் மிச்சமாயிற்று என்பது உண்மை. ஆனால் அம்முற்றத்தில் ஒரு தேனீக்கும் வேலையில்லை. வேறு சிலர் சிவப்பு மூடியிட்ட குடுவைகளில் சர்க்கரை நீரைத் தொங்கவிட்டுச் சிட்டை அழைத்தனர். மற்றும் சிலரோ சேஜ் விதையை வாங்கி மண்ணில் தூவினர்.

குடுவை தொங்கவிட்டவரும் விதை தூவியவரும் ஒரே சிட்டைத்தான் அழைக்கின்றனர். இருவர் செயலும் ஒன்றுதானா?

குடுவையும் வேரும்

குடுவையை நாம் பழிக்க வரவில்லை. நேர்மையாகக் கூறவேண்டுமானால், அன்னாச் சிட்டு குடுவையினாலும் அயல்நாட்டுப் பூச்செடிகளாலும் நலம் பெற்றிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் கலிஃபோர்னியாவிலும் அதை அடுத்த மெக்சிகோவின் பகுதியிலும் மட்டுமே கூடுகட்டி வாழ்ந்த அப்பறவை, இன்று வடக்கே கனடாவின் கரை வரை பரவியிருக்கிறது. தோட்டப் பூக்களும் சர்க்கரை நீரும் அதற்கு வழித்துணையாயின. பசித்த உயிருக்கு அந்த நேரத்தில் கிடைத்ததைக் கொடுப்பதும் நற்செயலே. தாகித்த நாய்க்குக் காலணியில் நீர் முகந்து கொடுத்தவரை இறைவன் மன்னித்த வரலாறு நமக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர் அங்கே கிணறு வெட்டிக்கொண்டிருக்கவில்லை.

ஆயினும் குடுவைக்குச் சில குறைகள் உண்டு. ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் என்ற அளவு பிசகலாகாது. வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை கழுவி மாற்றாவிட்டால் புளித்துப் பூசணம் பிடித்து, உண்ட பறவைக்கே நோயாகிவிடும். கொடுப்பவர் ஊருக்குப் போய்விட்டாலோ, சலித்துப்போனாலோ, அன்றோடு ஈகை நின்றுவிடும். இவை அனைத்தினும் பெரிய குறை ஒன்றுண்டு. சிட்டு தேனால் மட்டும் வாழ்வதன்று. சிறு ஈக்களையும் சிலந்திகளையும் பிடித்துண்டுதான் அது உடல் வளர்க்கிறது; தன் குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது. சர்க்கரை நீரில் அவை இல்லை. மண்ணுக்குரிய செடியில் அவை உண்டு. குடுவை சிட்டுக்கு ஓர் உணவைத் தருகிறது; சேஜ் அதன் வாழ்வுக்குரிய சூழலையே தருகிறது.

இன்னொரு பறவையையும் இங்கே எண்ணிப்பார்க்கவேண்டும். அதே சேஜ் புதர்களில் நேட்கேட்சர் என்னும் சாம்பல் நிறச் சிறு பறவை ஒன்று வாழ்கிறது. அதற்கு மினுமினுக்கும் கழுத்தில்லை. அந்தரத்தில் நிற்கும் வித்தையும் இல்லை. அது தேனுண்பதன்று, புதரிலுள்ள பூச்சிகளை உண்பது. ஆகவே எவர் வீட்டுக் குடுவையையும் அது நாடி வருவதில்லை. புதர் அழிந்தபோது அதுவும் அருகியது. 1993ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதனை அழிவை நோக்கிச் செல்லும் உயிர்களின் பட்டியலில் சேர்த்துப் பாதுகாப்பளித்தது. நம் வாசலுக்கு வரத் தெரிந்த, நம் கண்ணுக்கு இன்பமூட்டத் தெரிந்த பறவை நம்மிடம் உணவு பெற்றது. வரத் தெரியாதது, வாய்விட்டுக் கேளாதது, மறக்கப்பட்டது.

கேளாதோர்க்குள்ள உரிமை

இங்கேதான் திருமறையின் ஒரு சொல் நம் நெஞ்சைத் தொடுகிறது. ‘அத்தாரியாத்’ அத்தியாயத்திலும் ‘அல்மஆரிஜ்’ அத்தியாயத்திலும், இறையச்சமுடையோரின் செல்வத்தில் இருசாரார்க்கு உரிமை உண்டு என்று கூறப்படுகிறது. ஒருவர், கேட்டு வருபவர். மற்றவர் ‘மஹ்ரூம்’, அதாவது, பேறு மறுக்கப்பட்டவர். அங்கே ஆளப்பட்டுள்ள சொல் ‘ஹக்கு’ என்பதாகும். உதவி என்றோ, இரக்கம் என்றோ இறைவன் அதனைக் குறிப்பிடவில்லை. உரிமை என்று குறிப்பிட்டான்.

அந்த மஹ்ரூம் யார் என்பதில் விரிவுரையாளர் பலரும் பல கருத்துரைத்துள்ளனர். கலீஃபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள் மக்கா செல்லும் வழியில், தம்மருகே வந்து நின்ற நாய் ஒன்றுக்கு ஆட்டிறைச்சியில் தோள்பகுதியை எடுத்துப் போட்டு, மஹ்ரூம் என்பது இதுவே எனச் சொல்லப்படுவதாகக் குறிப்பிட்ட செய்தியும் விரிவுரை நூல்களில் காணக்கிடக்கிறது. வாயில்லா உயிருக்கும் நம் உடைமையில் உரிமை இருக்கக்கூடும் என்ற எண்ணம் நம் முன்னோர்க்குப் புதிதன்று.

அபூதாவூதில் பதிவான மற்றொரு நிகழ்ச்சி இதனினும் தெளிவானது. பயணமொன்றில் தோழர்கள் சிலர் ‘ஹும்மரா’ என்னும் சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டனர். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதனைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதைத் துயருறச் செய்தவர் யாரென வினவி, குஞ்சுகளை அதனிடமே திருப்பித் தருமாறு பணித்தார்கள். தாய்ப்பறவைக்குத் தானியம் தூவி ஆறுதல் சொல்லுமாறு பணிக்கவில்லை என்பதை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். பறிக்கப்பட்ட பொருள் கையில் இருக்கும்போது, அதைத் திருப்பித் தருவதுதான் நீதி. அதற்குப் பதிலாக வேறொன்றை வழங்கிவிட்டு, அதனை ஈகை என்று அழைப்பது நீதியாகாது.

இவ்வொளியில் முற்றத்தைப் பார்ப்போம். சேஜ் இருந்த இடத்தில் நம் வீடு நிற்கிறது. சிட்டு பருகிய பூவைப் பிடுங்கிவிட்டு நாம் புல் விரித்தோம். புல்லுக்காகப் பிறர் ஏரியைப் பருகினோம். இப்போது அதே மண்ணில் அதே செடியை விதைப்பவன் சிட்டுக்குப் புதிதாக எதையும் வழங்கிவிடவில்லை. அதனுடையதை அதற்குத் திருப்புகிறான். அவன் விருந்தளிக்கும் வீட்டுக்காரன் அல்லன். வாங்கிய கடனைத் தவணையில் செலுத்தும் கடனாளி.

விதை வாங்கும்போதும் இக்கணக்கை மறக்கலாகாது. வெண்சேஜ் அந்நிலத்தின் பழங்குடியினர் புனிதமெனப் போற்றும் செடி. அதன் உலர்ந்த கட்டுகளுக்குச் சந்தையில் விலை ஏறியதால், மலைச்சரிவுகளிலிருந்து அதனைத் திருட்டுத்தனமாக வெட்டிச் செல்வோர் பெருகினர். காட்டிலிருந்து களவாடிய செடியால் தன் முற்றத்தை அழகுசெய்து, அதைக்கொண்டு பறவைக்குத் தருமம் செய்வதாக ஒருவன் எண்ணுவானாயின், அவன் ஒரு கடனை அடைக்க மற்றொரு வீட்டில் திருடியவனாவான். முறையாக வளர்த்த செடியிலிருந்து எடுத்த விதையே தூய வழி.

விதை கற்பிக்கும் பாடம்

அவ்வாறாயின், அவன் உள்ளத்தில் இருக்கும் ஆசை? சிட்டைக் காணவேண்டும் என்ற அந்த இன்ப நாட்டம் அவன் செயலைக் கறைப்படுத்தாதா?

முகத்துதிக்காகச் செய்யப்படும் செயல் வேறு. செய்த நன்மையில் உள்ளம் மகிழ்வது வேறு. மனிதர் மெச்சவேண்டும் எனச் செய்வதே நன்மையை அழிக்கும். இறைவனின் படைப்பழகைக் கண்டு மகிழ்வது அவன் தந்த கண்ணுக்கு அவனே இட்ட உணவாகும். எனினும், ஆசையே செயலுக்கு அடிப்படையாகிவிட்டதா என்பதைச் சோதித்தறிய ஓர் உரைகல் வேண்டும். விதையைக் காட்டிலும் நல்ல உரைகல் இல்லை.

குடுவையைத் தொங்கவிட்டவனுக்குச் சில நாள்களிலேயே சிட்டு வரக்கூடும். விதைத்தவனுக்கு அவ்வாறில்லை. முதல் மழையை எதிர்நோக்கி அக்டோபர், நவம்பரில் மணற்பாங்கான மண்ணில் விதையைத் தூவி, மேலே மண் படிந்தும் படியாததுமாக விடவேண்டும். வாரங்கள் கடந்து சில முளைக்கும்; சில முளையாமலே போகும். சியா போன்ற சிலவற்றின் விதைகள், எரிந்த புதரின் கரி கலந்த மண்ணில்தான் கூடுதலாக முளைக்கின்றன. நெருப்புக்குப் பின் வரும் வாழ்வுக்காகவே அவை காத்திருக்கின்றன போலும். முளைத்தவற்றிலும் நத்தைக்குச் சில போகும். எஞ்சிய செடி பூப்பது பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான். அந்த இரண்டு ஆண்டும் ஒரு சிட்டும் வராத முற்றத்தில், குனிந்து களை பறிக்கவேண்டும். வாராத விருந்தாளிக்காக உழைக்க எவனால் முடிகிறதோ, அவனுடைய எண்ணம் கண்ணின் ஆசையோடு நின்றுவிடவில்லை என அறியலாம். இறுதிநாளே வந்துவிட்டாலும் கையிலுள்ள நாற்றை நட இயலுமாயின் நட்டுவிடுமாறு போதிக்கப்பட்டவர்கள் நாம். பலனைத் தன் கண்ணால் காண்பது நடுவதற்கு நிபந்தனையன்று.

விதை மற்றொன்றும் கற்பிக்கிறது. முதல் கோடையில் இளஞ்செடிக்கு அளவாக நீர் வேண்டும். வேர் ஊன்றிய பின்னரோ, கோடையில் அடிக்கடி ஊற்றும் நீர் அதனைக் கொன்றுவிடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்து வேரை அழுகச்செய்யும். வறட்சியைத் தாங்கும் செடி பெரும்பாலும் மடிவது நீரின்மையால் அன்று, வளர்ப்பவரின் மிகையான பரிவினால்தான் என்பது வியப்பன்றோ! எப்போது கொடுப்பது என்பதை அறிந்தவன், எப்போது கையை இழுத்துக்கொள்வது என்பதையும் அறிந்திருக்கவேண்டும். ஏற்பவரைத் தம் வேரில் நிற்கச்செய்யும் ஈகையே முழுமையான ஈகை. என்றும் தன் கையையே எதிர்பார்த்திருக்குமாறு செய்வதில், கொடுப்பவனின் பெருமைக்கும் ஓர் இடம் ஒளிந்திருக்கிறது.

இரு மறுப்புகள்

உயிர்களுக்கு உணவளிப்பவன் இறைவன் அன்றோ, பறவைகள் காலையில் பசியோடு சென்று மாலையில் வயிறு நிறைந்து மீள்வதாக நபிமொழி கூறவில்லையா, இடையில் நாம் யார் எனச் சிலர் வினவலாம். உண்மையே. இறைவன் அளித்தான், அளித்ததைப் பிடுங்கியது நம் கை. அவனுடைய பரந்த விரிப்பில் நாம் கிழித்த பகுதியைத் தைத்து வைப்பது அவன் வேலையில் தலையிடுவதாகாது. மேலும், காலையில் அப்பறவை கூட்டில் அமர்ந்திராமல் வெளியே செல்கிறது. அது செல்லும் இடத்தில் ஒரு பூ இருக்கவேண்டும்.

மக்கள் பசித்திருக்கும் உலகில் நான்கு கிராம் பறவைக்கு இத்தனை கவலையா என மற்றும் சிலர் வினவலாம். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. ஏழையின் பங்கை எடுத்துப் பறவைக்குக் கொடுப்பவன் எவனாயினும் அவனை நாமும் கண்டிப்போம். ஆனால் இங்கே நிகழ்வது அதன் மறுதலை. புல்வெளிக்குப் பாய்ந்த நீர் மிச்சப்படுகிறது. அந்நீர் மனிதருக்கும் உரியது. கலிஃபோர்னிய நகர வாழ்வில் செலவாகும் நீரில் ஏறத்தாழ பாதி வீட்டுக்கு வெளியே மண்ணில் ஊற்றப்படுவது. வணிக நிலையங்களிலும் அலுவலகங்களிலும் வெறும் அழகுக்காக உள்ள புல்லுக்குக் குடிநீர் பாய்ச்சலாகாது எனப் படிப்படியாகத் தடைசெய்யும் சட்டம் 2023ஆம் ஆண்டில் அங்கே இயற்றப்பட்டது. வீட்டு முற்றங்களை அச்சட்டம் தொடவில்லை. அங்கே ஒவ்வொருவரும் தம் மனச்சான்றுக்கே பதில் சொல்லவேண்டியவராயினர்.

ஒரு முற்றத்துச் சேஜ் நேட்கேட்சரை மீட்டுவிடாது. அதற்குப் பரந்த புதர்க்காடு வேண்டும். ஓவன்ஸ் ஏரியும் அதனால் நிறைந்துவிடாது. இதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் கடன் பெரிதென்பதால் தவணை செலுத்தாமல் இருப்பவனை எவரும் நேர்மையாளன் என்று கூறுவதில்லை.

ஜகாத்தை நாம் எவ்வாறு கொடுக்கிறோம் என்பதையும் இங்கே எண்ணிப்பார்ப்பது தகும். ரமலான் இரவுகளில் வாசலில் வரிசையாக நிற்போர்க்கு நாணயங்களை வழங்குகிறோம். வாங்குவோர் முகத்தில் நன்றியை எதிர்பார்க்கிறோம். அவர்களுடையதை அவர்களுக்குத் திருப்பித் தருகிறோம் என்பதை அந்நேரத்தில் நினைப்பவர் நம்முள் எத்தனை பேர்? வரிசையில் நிற்க நாணி, கதவுக்குப் பின்னால் பசித்திருக்கும் உறவினரைத் தேடிச் சென்றவர் எத்தனை பேர்? வாசலுக்கு வந்தவரைக் காண்பது எளிது. வராதவரை நாம்தான் தேடவேண்டும்.

சிட்டுக்காகச் சேஜ் விதைத்தவன் இரண்டாம் ஆண்டின் இளவேனிலில் ஒரு காலை, செந்நீலப் பூக்கதிரின்முன் சிறகொலி கேட்டுத் திரும்பிப் பார்ப்பான். பூவினின்று பூவுக்குத் தாவும் அச்சிட்டுக்கு அவனைத் தெரியாது. அவனுக்கு நன்றி சொல்லவும் அது நிற்காது. தன் வீட்டுக்குத் திரும்பியது போலவே அது பருகிவிட்டுப் போகும். அந்த அறியாமையில் அவன் வருந்தவேண்டியதில்லை. கடனைப் பெற்றுக்கொண்டவர் நன்றி கூறவேண்டும் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை.